சோழமண்டலக் கரைக் கல்லறைகள்: படியெடுத்தவர்களும் படமெடுத்தவர்களும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில், கருங்கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது அச்சமூட்டும் காட்சியே அல்ல. கல்லறைக்கு வழக்கமான அலங்காரம். மண்டையோடு, குறுக்காகக் கிடத்திய எலும்புகள், மணற்கடிகாரம் என்று இறந்தவரின் கல்லில் செதுக்கி, பார்ப்பவரின் முறையும் வரும் என்று நினைவூட்டுவார்கள். ஏரியில் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் இப்போது போகிற போக்கில் இங்கும் இறங்கி, இரு எலும்புக்கூடுகளுக்கும் நடுவே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். ஊர் சுற்ற வந்தவர் முன்பின் அறியாதவரின் கல்லறை முன் நின்று அதைப் பதிவு செய்துகொண்டு போவது கைபேசி கொண்டுவந்த பழக்கம் அல்ல. இந்தக் கரையில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தொடக்கத்தில் அது எழுதுகோலாலும் வரைதாளாலும் நடந்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கால்வைத்தது 17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில். 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-ல் நாகை ஆங்கிலேயர் கைக்குப் போனதும் மீண்டும் பழவேற்காட்டுக்கே திரும்பியது. 1825-ல் டச்சுக்காரர்கள் இக்கரையை விட்டே போய்விட்டார்கள். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. துணி ஏற்றுமதி செய்த கிடங்குகளின் சுவடும் இல்லை. இரண்டு நூற்றாண்டு வணிகத்தில் கண்ணால் பார்க்கும்படி மிஞ்சியிருப்பது, அதைச் செய்ய வந்து செத்தவர்களின் கற்கள்தான்.

அந்தக் கற்களைக் குனிந்து பார்ப்பது தகும். பெரும்பாலானவை தரையோடு படுத்திருக்கும் நீண்ட கருங்கல் பலகைகள். மேல்பாதியில் குடும்பச் சின்னம், அதன்மேல் போர்வீரனின் தலைக்கவசம், இருபுறமும் வழிந்திறங்கும் இலைச்சுருள். கீழ்ப்பாதியில் எழுத்து. எழுத்தைக் குழிவாக வெட்டவில்லை. சுற்றியுள்ள கல்லைக் கொத்திக் குறைத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சொல் பிசகினாலும் பலகை முழுவதும் வீணாகும் வேலை இது. வெட்டியவர்கள் உள்ளூர்ச் சிற்பிகள். அவர்களுக்கு டச்சு மொழி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாளில் எழுதிக் கொடுத்ததை எழுத்தாக அன்றி உருவமாகப் பார்த்தே கல்லுக்கு மாற்றியிருப்பார்கள். இலைச்சுருளை உற்றுப் பார்த்தால், கோயில் தூணில் கொடிக்கருக்கு ஓட்டிப் பழகிய கை என்று தோன்றும். ஐரோப்பியக் குடும்பச் சின்னத்துக்குள் அந்தக் கை தன் வழக்கமான வளைவை நுழைத்துவிட்டிருக்கிறது.

இப்படி வெட்டிய கற்களுக்குக் கடல் கடந்தும் தேவை இருந்தது. நல்ல கருங்கல் கிடைக்காத படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, சோழமண்டலக் கரையிலிருந்து கல்லறைப் பலகைகள் கப்பலேறின. ஜகார்த்தாவின் பழைய கல்லறைத் தோட்டமொன்று 1977-ல் தாமான் பிரசாஸ்தி என்ற திறந்தவெளி அருங்காட்சியகமானது. அங்கே வைத்திருக்கும் பழைய டச்சுக் கற்களில் இக்கரையிலிருந்து போனவையும் உண்டு.

கற்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே அச்சு. இங்கே அடக்கம் என்ற தொடக்கம், பெயர், கம்பெனியில் வகித்த பதவி, பிறந்த ஊர், இறந்த நாள், கடைசியாக வாழ்ந்த காலம். அந்தக் கடைசி வரியில் வயதை ஆண்டோடு நிறுத்தாமல் மாதம், நாள் வரை கணக்கிட்டு வெட்டுவார்கள். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவர்களின் பழக்கம் கல்லிலும் தொடர்ந்திருக்கிறது. குழந்தைகளின் கற்களில் அந்த மாதமும் நாளும் மட்டுமே இருக்கும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தவர்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. பம்பாயில் இருந்த ஆங்கிலேயர்களிடம், ஒரு மனிதனின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று ஒரு வழக்குமொழியே இருந்தது.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில், கல்லறைகள் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. செதுக்கு வேலையில் பழவேற்காட்டுக்கு இளைத்தவை அல்ல. நாகப்பட்டினத்து டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஊரார் வழங்கும் பெயர் கரிக்கோப். டச்சு மொழியில் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டுக்குக் கெர்க்ஹோஃப் என்று பெயர். அது நாகைக்காரர் நாவில் உருண்டு கரிக்கோப் ஆனது. எழுத்து தேய்ந்த கற்களைவிட அந்தச் சொல் உறுதியாக நின்றிருக்கிறது. தரங்கம்பாடியில் 1620 முதல் டென்மார்க்காரர்கள் இருந்தார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு 1719-ல் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். இன்று அவ்வூருக்கு வரும் சுற்றுலாப் பயணியின் படவரிசையில் கோட்டைக்கு அடுத்த படம் பெரும்பாலும் அதுதான்.

சென்னையின் கதை வேறு மாதிரி; கொஞ்சம் சிக்கலானது. ஆங்கிலேயரின் முதல் இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்தது. கொய்யாத் தோட்டம் என்று பெயர். பணமும் பதவியும் உள்ளவர்கள் அங்கே உயரமான தூண்களும் கோபுரங்களும் எழுப்பிக்கொண்டார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அந்த உயரம் வினையாயிற்று. கல்லறைக் கட்டடங்களின் மறைவில் நின்று பிரெஞ்சுப் படை கோட்டையைத் தாக்கியது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் செய்த வேலைகளில் ஒன்று, தங்கள் முன்னோரின் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. எழுத்து வெட்டிய பலகைகளை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுபோய், 1680-ல் திறந்த புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவினார்கள். இன்றும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் அவற்றின் மேல்தான் நடந்து போகிறார்கள். அடியில் யாரும் இல்லை. பெயர்கள் மட்டும் இடம்பெயர்ந்து வந்திருக்கின்றன. அவற்றுள் 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல், இந்தியாவில் உள்ள மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறைக் கல்லாகச் சொல்லப்படுகிறது.

இடிபாட்டுக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று, சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கூர்முனைத் தூண். 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸுக்காக எழுப்பியது. அவருடைய மனைவி கேத்தரினை அதே ஆண்டு எலிஹு யேல் மணந்தார். புனித மரியாள் ஆலயப் பதிவேட்டின் முதல் திருமணம் அது. யேல் பின்னர் சென்னையின் கவர்னரானார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய மகன் டேவிட் குழந்தையாகவே இறக்க, தாயின் முதல் கணவருடைய கல்லறையிலேயே அவனையும் வைத்தார்கள். தூண் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது என்கிறது சட்டம். உயர்நீதிமன்றப் பகுதியில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டும் யோசனைக்கு இந்த விதி குறுக்கே நின்றதால், தூணையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023-ல் வழக்கு நடந்தது. லாலியின் காலத்தில் பீரங்கிக்கு மறைப்பாக இருந்ததால் வந்த இடைஞ்சல், இப்போது கார் நிறுத்தத்தின் உருவில் வந்தது.

கற்களை முறையாகப் பதிவு செய்யும் வேலை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சூடு பிடித்தது. இலங்கையில் லியோபோல்ட் லுடோவிசி டச்சுக் கல்லறைக் கற்களைத் தொகுத்து 1877-ல் நூலாக்கினார். சென்னை மாகாணத்தில் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ ஊர் ஊராகப் போய் டச்சு எச்சங்களை அளந்து வரைந்தார்; 1897-ல் அவை தனி நூலாக வெளிவந்தன. ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணம் முழுவதிலும் உள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-ல் பட்டியலாக்கினார். ஜே.பி. லூயிஸ் 1913-ல் இலங்கைக்கு அதே வேலையைச் செய்தார். இவற்றில் காட்டனின் நூல் வெறும் பட்டியல் அல்ல. வாசகத்தின் கீழே அந்த ஆள் யார், யாரை மணந்தார், எந்தச் சண்டையில் இருந்தார் என்று குறிப்புகள் எழுதிக்கொண்டே போகிறார். அரசாங்க அச்சகத்தில் அச்சான நூல்தான். ஆனாலும் பல பக்கங்கள் ஊர்வம்பு போல ஓடும்.

அதே காலத்தில், அதே அரசாங்கத்தின் கீழ், கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பெருவேலையும் நடந்துகொண்டிருந்தது. 1886-ல் ஹுல்ட்ஸ் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். அங்கே கையாண்ட முறை மைப்படி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றினால், குழிந்த எழுத்து வெள்ளையாகவும் மீதித் தளம் கறுப்பாகவும் விழும். டச்சுக் கல்லில் எழுத்து புடைப்பாக இருப்பதால் இது தலைகீழாகும்: எழுத்து கறுப்பு, தளம் வெள்ளை.

கேமரா இந்த வேலைக்குள் வந்ததும் எதிர்பார்க்கக் கூடியபடி கல்வெட்டின் வழியாகத்தான். சென்னை ஒளிப்படச் சங்கம் 1856-ல் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அக்காலக் கேமராவுக்கு அசையாத பொருள்தான் வேண்டும். வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும். ஆள் அசைந்தால் முகம் கலைந்துபோகும். கோயிலும் கல்லறையும் அசைவதில்லை.

கல்லறையைப் படமாக்கி விற்கும் சந்தை உருவானது வடக்கே, கான்பூரில். 1857 கிளர்ச்சியின்போது கொல்லப்பட்ட ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் போட்ட கிணற்றின் மேல் பின்னர் ஒரு பளிங்குத் தேவதைச் சிலை வைத்தார்கள். 1860-களில் சாமுவேல் போர்ன் போன்றவர்கள் எடுத்த அதன் படங்கள் ஆங்கிலேய வீடுகளின் ஆல்பங்களில் ஒட்டப்பட்டன. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பயணி தாஜ்மகாலுக்கு ஈடாகப் பார்க்க வேண்டிய இடமாக அது ஆயிற்று. இந்தியர்கள் நினைத்தபடி அந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. கல்லறைப் படம் என்பது வெறும் நினைவுப்பொருள் அல்ல, யார் துக்கம் எண்ணிக்கையில் சேரும் என்று சொல்லும் ஆவணமும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கிளர்ச்சியை அடக்கியபோது தூக்கிலிடப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, படம் எடுக்க இடமும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சிலையை அருகிலுள்ள தேவாலயத்துக்கு மாற்றினார்கள்.

ஆங்கிலேயர் போன பிறகு கல்லறைத் தோட்டங்களுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் பராமரிக்க முடியாது, பழையவை தாமாகவே மண்ணோடு போகட்டும் என்ற முடிவுக்கு பிரிட்டிஷ் அரசு வந்தது. சில இடங்களில் பளிங்குப் பலகைகள் அம்மிக்கும் சமையல் மேடைக்கும் போயின. சில இடங்களில் வேரோடிய அரசமரம் கல்லைப் பிளந்தது. 1976-ல் தியான் வில்கின்சன் லண்டனில் தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு கல்லையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒவ்வொன்றையும் பதிவு செய்துவிடலாம் என்பது சங்கத்தின் நடைமுறை அறிவு. விடுமுறைக்கு இந்தியா வருகிற உறுப்பினர்கள் போகும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நாளைக் கழித்து, வாசகத்தை எழுதி, படமெடுத்து அனுப்புவார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்கின்றன. சங்கத்தின் இதழுக்குச் சௌகிதார் என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தோடு குடியிருந்து, வருகிறவருக்குக் கதவு திறந்து, யார் கல் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டுகிறவர் அந்தக் காவல்காரர்தான்.

இப்போது வருகிறவர்களில் பலர் தங்கள் கொள்ளுப்பாட்டன் பெயரைத் தேடுகிறவர்கள். 1767-ல் திறந்த கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் தோட்டத்தில் அப்படி வருகிறவர்களோடு, வெறுமனே படமெடுக்க வருகிற கல்லூரி மாணவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்றும் வழங்கும் ஆர்மேனியன் தெருவில், 1772-ல் இன்றைய வடிவம் பெற்ற ஆர்மேனியத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் ஒரே கல்லை: 1794-ல் சென்னையிலிருந்து உலகின் முதல் ஆர்மேனிய இதழை வெளியிட்ட ஹாருத்யூன் ஷ்மவோனியனின் கல். ஆர்மேனியர் எவரும் அங்கே நிலையாக இல்லாத நிலையிலும் வெகுதொலைவிலிருந்து வருகிறார்கள்.

கல்லைப் படமெடுப்பதில் பெரிய வித்தை ஒன்றுதான்: வெளிச்சம் சாய்ந்து விழ வேண்டும். உச்சிவெயிலில் பழவேற்காட்டுப் பலகை மழமழவென்ற கறுப்புப் பரப்பாகத் தெரியும். எழுத்து இருப்பதே தெரியாது. காலை ஏழு மணிக்கு அதே பலகையில், ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு எழுந்து நிற்கும். நிழலில் கிடக்கும் கல்லுக்கு ஒருவர் கண்ணாடி பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும். கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதால் கெடுதல் இல்லை. எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்கட்டி தேய்ப்பதும், மாவோ சவர நுரையோ பூசுவதும், கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவதும் கல்லைத் தின்றுவிடும். நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு உள்ளூரிலும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் குடும்பத்தார் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆண்டுதோறும் ஏறும் சுண்ணாம்பு எழுத்தின் குழியை நிரப்பி, கடைசியில் பெயரையே மூடிவிடும். ஆனால் அது அவர்களுடைய கல்லறை. படமெடுக்க வருகிறவர் அன்று ஓரமாக நிற்பதே முறை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மீசான் கற்கள் எனப்படும் முஸ்லிம் கல்லறைக் கற்கள் இருக்கும் அடக்கத்தலங்களில் பள்ளிவாசல் பெரியவர்களிடம் கேட்காமல் கேமராவை எடுப்பது சரியல்ல. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 2018 முதல், மிகச் சில இடங்கள் நீங்கலாக, படமெடுக்கத் தடையில்லை.

பதிவின் மதிப்பு கல் போன பிறகே விளங்குகிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் டச்சுக்காரர்கள் 1706-ல் கட்டி முடித்த தேவாலயத்தின் தரையில் கல்லறைப் பலகைகள் பதித்திருந்தன. உள்நாட்டுப் போரில் தேவாலயம் தரைமட்டமானது. அந்தப் பலகைகளில் என்ன எழுதியிருந்தது என்று இன்று அறிய வேண்டுமானால், லுடோவிசியையும் லூயிஸையும் புரட்ட வேண்டும். அல்லது போருக்கு முன் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் ஆல்பங்களைத் தேட வேண்டும்.

கல் போகாமல் இருந்தும் படத்துக்கு வேலை உண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் 1908-ல் இறந்தார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தம் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனார் என்று தமிழ்நாட்டு மேடைகளில் பல தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இங்கிலாந்து போன தமிழர்கள் அதைப் பார்க்கவே ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் படமெடுத்து வந்தார்கள். படத்தில் இருப்பது வேறு. அவர் தென்னிந்தியாவில் பணியாற்றியவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர் என்று கல் சொல்கிறது. மாணவன் என்ற சொல் எங்கும் இல்லை. கீழே, இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்று இருக்கிறது. மேடைக் கதையில் அந்த நண்பர்கள் வருவதே இல்லை.